பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை ஓய்ந்ததும் காலி மனைகளிலும் சாலையோரங்களிலும் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கிறது. கேரட் இலை போன்ற இலை, உச்சியில் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள். பார்க்கச் சாதுவான செடிதான். ஆனால் மகரந்தம் மூக்கில் ஏறினால் அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் வரும். சிலருக்கு இளைப்பே வந்துவிடும். செடியில் உள்ள ‘பார்த்தீனின்’ என்ற வேதிப்பொருள் தோலில் பட்டால் முகம், கழுத்து, முன்கை எல்லாம் தடித்து, அரித்து, கறுத்துப் போகும்.

முதல் நாளே இது காட்டாது. திரும்பத் திரும்பப் பட்ட பிறகுதான் உடம்பு எதிர்க்க ஆரம்பிக்கும். ‘இத்தனை வருஷம் களை எடுத்தேன், இப்ப மட்டும் என்ன?’ என்று கேட்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

நகராட்சி ஆட்கள் வருவதே பூத்துக் குலுங்கிய பிறகுதான். அதுவும் வெறுங்கையோடு! அப்போது வெட்டினால் மகரந்தமும் விதையும் நாலா பக்கமும் பரவும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஆகவே பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். வேலை செய்பவர்களுக்குக் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம் தரவேண்டும்.

அப்புறம், வாரக்கணக்கில் தும்முகிறவர்கள் மருந்துக்கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். மருத்துவரைப் பாருங்கள்.

– ஒரு வாசகர், கோவை