ஊரில் கட்டிய ஏஜெண்ட் காசு: மனிதவள அமைச்சருக்கு ஒரு மனு

பெறுநர்: மாண்புமிகு மனிதவள அமைச்சர், சிங்கப்பூர்
பொருள்: இங்கு வேலைக்கு வர, தொழிலாளி ஊரில் கட்டும் பணம் குறித்து

ஐயா,

வணக்கம். பேராவூரணிப் பக்கத்திலிருந்து 2024இல் கட்டுமான வேலைக்கு வந்தவன் நான், இப்போது துவாஸில் ஒரு தங்குவிடுதியில் இருக்கிறேன். மனு எழுதிப் பழக்கமில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். இங்கு வர ஊர் ஏஜெண்டிடம் மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தேன். ஒரு லட்சம் அம்மாவின் நகையை அடகு வைத்தது, மீதி இரண்டரை லட்சம் மூணு வட்டிக்கு வாங்கியது. நாள் சம்பளம் 22 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 26 நாளும் வேலை இருந்தால் 572 வெள்ளி. வட்டி மட்டும் மாதம் 7,500 ரூபாய், அதாவது மாதத்தின் முதல் ஐந்தாறு நாள் நான் முதலாளிக்கு அல்ல, வட்டிக்காரருக்குத்தான் கம்பி கட்டுகிறேன். ஓட்டி, அதாவது கூடுதல் நேர வேலை, கிடைத்தால்தான் அசலில் கை வைக்க முடியும், மழைக்காலத்தில் அதுவும் போச்சு. ஊரிலோ சிங்கப்பூர்க்காரன் என்று மொய் கூடுதலாக எதிர்பார்க்கிறார்கள், அது தனிக்கதை.

இங்குள்ள ஏஜென்சி ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம் என்று உங்கள் சட்டம் சொல்கிறது. என் கணக்கில் அது எழுபதாயிரம் ரூபாய் சொச்சம். நல்ல சட்டம்தான், ஆனால் கடல் தாண்டி ஊரில் உட்கார்ந்திருப்பவரை அது தொடுவதில்லை.

2022இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குப் போன பணம் 10,000 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று உலக வங்கி சொன்னது. பணம் அனுப்பும் கட்டணத்தை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர ஐநா இலக்கு வைத்திருக்கிறது. சரி, இங்கே லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் அனுப்பும்போது கட்டணமாக எனக்குப் போவது சில வெள்ளிதான். அனுப்பத் தொடங்கும் முன்பே போன மூன்றரை லட்சத்தை யார் கணக்கில் எழுதுவது?

வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி பற்றியும் ஒன்று. திறன் உயர்ந்த கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி மாதம் 500 வெள்ளி லெவி கட்டுகிறார், என்னைப் போல அடிப்படைத் திறனுள்ளவனுக்கு 900, என் அடிப்படைச் சம்பளத்தைவிட அதிகம். அதைப் பொதுவாகக் குறையுங்கள் என்று கேட்க வரவில்லை. ஆள் எடுக்கும் செலவு முழுவதையும் தானே ஏற்று, தொழிலாளி கையிலிருந்து ஒரு காசும் போகாமல் பார்த்துக்கொள்ளும் முதலாளிக்கு மட்டும் முதல் வருட லெவியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாமே. ஏஜெண்டைத் துரத்திப் பிடிப்பதைவிட இது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், புதிதாக வருபவர்களுக்கு நடக்கும் ஒருநாள் வகுப்பில், ஊரில் யாரிடம் எவ்வளவு கொடுத்தாய் என்று தமிழில் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலாளி பார்க்கக் கூடாது. சொன்னதற்காக வேலை பர்மிட் போகாது என்று அங்கேயே எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் அறையில் 12 பேர், காசு கொடுக்காமல் வந்தவர் ஒருவர், அவருக்கு மாமா வழியாக நேரடியாக வேலை கிடைத்தது.

பெயர் எழுதாததற்கு மன்னிக்கவும், பர்மிட் புதுப்பிக்கும் மாதம் நெருங்குகிறது.

இப்படிக்கு,
துவாஸில் தங்கியிருக்கும் ஒரு கட்டுமானத் தொழிலாளி