திரைப்படக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல் இந்த ஆண்டு தடைபடவில்லை. செயற்குழு ஒழுங்காகக் கூடியது. புரொஜெக்டருக்குப் புது விளக்கு போட்டாயிற்று. சந்தா பாக்கி யார் யாருக்கு என்பது அவரவருக்கே தெரியும், இங்கே பெயர் வாசிக்கப் போவதில்லை. வழக்கமான செய்திகள் அவ்வளவுதான். அறிக்கையின் மீதிப் பகுதி பெரும்பாலும் ஒரே ஒரு படத்தைப் பற்றியது. ஆண்டறிக்கைக்கு இது முறையா என்று துணைத் தலைவர் கேட்டார். உறுப்பினர்கள் ஆண்டு முழுக்க என்னைப் பிடித்து நிறுத்திப் பேசியது அந்தப் படத்தைப் பற்றித்தான் என்பதால் முறைதான் என்று நினைக்கிறேன்.

அன்று அறிவித்திருந்தது வேறொரு படம். கோப்பைத் திறந்தால் சப்டைட்டில் இல்லை. கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. இளைய உறுப்பினர் ஒருவர் தன் பென் டிரைவில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். 'எ பக்கெட் ஆஃப் பிளட்', 1959. பெயரைக் கேட்டதும் முன்வரிசையில் இருவர் பையை எடுத்துக்கொண்டார்கள். 66 நிமிடம்தான் என்றதும் மறுபடி உட்கார்ந்தார்கள். உண்மையைச் சொன்னால், நீளத்தைப் பார்த்துத்தான் நானும் சம்மதித்தேன்.

கதை இது. கவிஞர்களும் ஓவியர்களும் கூடும் ஒரு காபிக் கடையில் மேசை துடைப்பவன் வால்டர். தானும் கலைஞனாக வேண்டும் என்று அவனுக்கு ஏக்கம், கையில் திறமை சுத்தமாகக் கிடையாது. வீட்டுக்காரம்மாவின் பூனை சுவருக்குள் மாட்டிக்கொள்கிறது. அதைக் காப்பாற்றச் சுவரைக் கத்தியால் குத்துகிறான், குத்து பூனை மேல் விழுகிறது. பயந்துபோய் அதன் மேல் களிமண்ணை அப்பி, சிலை என்று கடைக்குக் கொண்டு போகிறான். என்ன ஒரு தத்ரூபம் என்று எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். அப்புறம் அடுத்த சிலை எங்கே என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அதன் பிறகு நடப்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பயம் என்றால் பாராட்டைப் பார்த்துத்தான் பயம். எனக்குப் பிடித்த இடம் கடை முதலாளி வருவது. சிலைக்குள்ளிருந்து பூனை முடி எட்டிப் பார்ப்பதைக் கண்டுபிடித்து, போலீசுக்குப் போன் செய்யப் போகிறார். அந்த நேரம் பார்த்து ஒருவர் சிலைக்கு 500 டாலர் தருவதாகச் சொல்கிறார். முதலாளி முகத்தில் ஒரு சண்டை நடக்கிறது பாருங்கள், அதற்கே அரங்கம் குலுங்கியது.

இயக்கியவர் ரோஜர் கார்மன், எழுதியவர் சார்லஸ் கிரிஃபித். படப்பிடிப்பு 5 நாள், செலவு சுமார் 50,000 டாலர். வால்டராக வரும் டிக் மில்லர் பிற்காலத்தில் வேறு சில படங்களிலும் வால்டர் பெய்ஸ்லி என்ற இதே பெயரில் தலைகாட்டினார். மனிதச் சிலைகளுக்குக் கடை பொம்மைகளை வைத்துச் சமாளித்ததில் அவருக்கு வருத்தம். கடைசிக் காட்சியில் மேலே பூச்சு பூச நேரமில்லாமல் முகத்தில் சாம்பல் நிற மேக்கப்பை அப்பி எடுத்துவிட்டார்கள் என்பதிலும் அவருக்குக் குறை உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. மோசமான சிலைகளைப் பார்த்து மெய்மறப்பவர்களைக் கேலி செய்யும் கதையில் சிலை மோசமாக இருப்பது பொருத்தம்தானே!

படம் முடிந்த பின் வழக்கத்துக்கு மாறாக யாரும் எழுந்து போகவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர், இது மட்டமான படத்தைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு, படத்துக்கு அதில் பெருமை இல்லை என்றார். இளையவர்கள் விடவில்லை. தொடக்கத்தில் ஒரு கவிஞர் முழங்கும் அர்த்தமில்லாத கவிதையை வால்டர் வரி பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, சிரிப்பு எழுத்திலேயே இருக்கிறது என்றார்கள். நான் இளையவர்கள் பக்கம். மில்லர் ஓர் இடத்தில்கூடக் காமெடி பண்ணவில்லை. பாராட்டுக்கு ஏங்கும் ஒருவனாகவே கடைசிவரை நடிக்கிறார், அதனால்தான் சிரித்துக்கொண்டே அவனுக்காகப் பரிதாபமும் படுகிறோம்.

உறுப்பினர்கள் கேட்டதற்காக, கார்மனும் கிரிஃபித்தும் அடுத்த ஆண்டே சேர்ந்து செய்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தையும் போட்டோம். அதன் முக்கியப் படப்பிடிப்பு 2 நாளில் முடிந்தது. பல் டாக்டரிடம் வலியை ரசிக்க வரும் நோயாளி, இளம் வயது ஜாக் நிக்கல்சன். அந்த ஒரு காட்சிக்காகப் பார்க்கலாம்.

ஷினிச்சிரோ உயேதாவின் ஜப்பானியப் படம் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) போட்ட அன்று நான் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அதன் முதல் 37 நிமிடம் ஒரே ஷாட், பார்ப்பதற்குச் சொதப்பல் போலவே இருக்கும். நடிகர்கள் வசனம் மறந்ததுபோல் விழிப்பார்கள். "கொஞ்சம் பொறுங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சியும் சிலர் போய்விட்டார்கள். சொதப்பல் ஒவ்வொன்றுக்கும் பிற்பாதியில் காரணம் சொல்லப்படும்போது உள்ளே இருந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். போனவர்கள் இன்றுவரை அதை நம்பவில்லை. சுமார் 30 லட்சம் யென்னில் எடுக்கப்பட்டு, ஜப்பானில் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்த படம் அது.

எல்லாமே இப்படி அமைந்துவிடவில்லை. இதே ஆசையில் போட்ட இன்னொரு மலிவுப் படம் படுத்துவிட்டது. நான் எவ்வளவு மட்டம் பார் என்று தானே கண்ணடித்துக்கொண்டிருந்த படம் அது. தெரிந்தே மட்டமாக எடுப்பதில் என்ன சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது? பெயரை இங்கே பதிவு செய்யாமல் விடுகிறேன்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு கோரிக்கைகள். ஆண்டுக்கு ஒரு மாதத் திரையிடலை, செயற்குழுவில் யாருமே பார்த்திராத ஒரு படத்துக்கு ஒதுக்க வேண்டும். அந்தத் திரையிடலுக்குக் கதைச் சுருக்கம் அனுப்பக் கூடாது, பெயரும் ஆண்டும் நீளமும் மட்டும் போதும். துணைத் தலைவர் முதலாவதை ஆதரிக்கிறார். இரண்டாவதற்கு அவர் எதிர்ப்பு, அதையும் குறிப்பில் ஏற்றியிருக்கிறேன்.

மாற்றுப் படத்துக்குச் சப்டைட்டில் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்க்கும் பொறுப்பை அந்த இளைய உறுப்பினர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு நன்றி. வரவு செலவுக் கணக்கை இனிப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்