காட்டுப்பாதை ஓட்டங்களில் ஆள் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் காட்டுப்பாதை ஓட்டம் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அது மனத்தில் பட்ட இடம் ஸ்காட்லாந்து என்பதால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

எடின்பரோவில் படிக்கும் மகளைப் பார்க்கச் சென்ற பிப்ரவரியில் போயிருந்தேன். ஊருக்குத் தெற்கே பென்ட்லண்ட் மலைகள். அவற்றில் ஆக உயரமான ஸ்கால்ட் லா 579 மீட்டர். நம் புக்கிட் தீமா குன்றைப்போல மூன்றரை மடங்கு. அங்கே 1971ல் தொடங்கிய கார்னெதி 5 என்ற ஓட்டத்தில் ஐந்து குன்றுகள் ஏறி இறங்க வேண்டும். என் முழங்காலுக்கு அது அதிகம். உள்ளூர் மன்றம் ஒன்று நடத்திய சின்ன மலையோட்டத்தில் பெயர் கொடுத்தேன். ஈசூனில் எங்கள் புளோக் படிக்கட்டில் ஏறிப் பழகிய தைரியம்தான்.

தொடங்குமுன் பை சோதனை. தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், தின்ன ஏதாவது, மழைச்சட்டை, மழைக்கால்சட்டை எல்லாம் இருக்க வேண்டும். சோதித்த பெரியவர் என் மழைச்சட்டையை உட்புறம் திருப்பி, தையல்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடுமாம். விமானப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போனது. ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊத வேண்டும், ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் ஊத வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

ஏறும்போது நன்றாக வியர்த்தது. உச்சியில் காற்று அடித்ததும் அந்த ஈரமே உடம்பை உறிஞ்சத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்வரை சமாளிக்கலாம். கால் பிசகி அங்கே அரை மணி நேரம் உட்கார நேர்ந்தால் அந்த மழைச்சட்டைதான் உயிர். இறக்கமோ வேறு கதை. ஏற்றத்தில் நான் முந்திய ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், பனி மூடிய புதர்களைத் தாண்டித் தாண்டி இறங்கிப் போனார். நான் பாதித் தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கினேன்.

முடிவிடத்தில் என் விரல்கள் மரத்து, எண் அட்டையின் ஊக்கைக் கழற்ற முடியவில்லை; மகள்தான் கழற்றினாள். பக்கத்தில் ஒரு பெண்மணி கிளிப்போர்டும் பென்சிலுமாக நின்று, வந்தவர்களின் எண்களை அடித்துக்கொண்டிருந்தார். ஈரத் தாளில் பேனா எழுதாது. கடைசியில் ஓர் எண் குறைந்தது. சூப் தீர்ந்தும் யாரும் கிளம்பவில்லை. பார்த்தால், அந்த ஆள் பாதியில் விலகித் தன் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! எல்லார் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பாதியில் விலகலாம், அதில் வெட்கமில்லை. ஆனால் முடிவிடத்தில் வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே விதி. இல்லாவிட்டால் மீட்புக் குழு இருட்டில் மலை முழுக்கத் தேட வேண்டிவரும்.

இங்கே ஒரு காட்டுப்பாதை ஓட்டத்தில் என் நண்பர் கால் சுளுக்கி, பக்கத்துப் பாதை வழியாக வெளியேறி, பேருந்து பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார். யாரும் தேடவில்லை. மறுநாள் ‘ஓடி முடித்ததற்கு வாழ்த்துகள்’ என்று தகவல் வந்தது அவருக்கு.

நமக்குப் பனி இல்லையே என்பார்கள். சரி, வெயில் இருக்கிறது, மின்னல் இருக்கிறது. வெப்பத் தாக்குக்கு ஆளானவருக்குப் புத்தி தடுமாறும். தானாகக் கைபேசியை எடுத்து அழைப்பார் என்று நம்பியிருக்க முடியாது. எங்கள் வேலையிடத்தில் வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் விமானம் நகராது. ஆட்களை எண்ண அவ்வளவுகூடச் சிரமமில்லை: ஒரு பட்டியல், விலகுபவர் அழைக்க ஒரு தொலைபேசி எண், எல்லாருக்கும் பின்னால் நடந்துவர ஒருவர்.

ஆள் பற்றாக்குறை என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னால், இரவுப்பணி இல்லாத வார இறுதிகளில் நான் வரத் தயார். விடியற்காலை என்றாலும் சரி.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்