சிஎச்ரூட்டுக்குள் தொலையும் லாக்

அன்புள்ள மாப்ளே,

அப்பாவுக்கு முட்டி வலி இப்போது தேவலாம் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஏற்காட்டில் நல்ல மழை, காப்பி பூத்திருக்கிறது. நீ வந்தால் 20 கொண்டை ஊசி வளைவும் பைக்கிலேயே ஏறிவிடலாம்.

சரி, சிஎச்ரூட்டுக்குள் (ஒரு டைரக்டரியையே புரோகிராமுக்கு முழு உலகமாகக் காட்டும் அடைப்பு) ஓடுவதன் லாக், அதாவது நடந்ததை எழுதிவைக்கும் பதிவு, ஏன் தொலைகிறது என்று கேட்டாயே, அந்த விஷயம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரி ஒருவருக்கு எஸ்எஃப்டிபி (பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை) சர்வர் பார்த்துக்கொடுக்கிறேன். பட்டறைக்காரர்கள் டிசைன் ஃபைல்களை அதில் ஏற்றுவார்கள். யாரும் தங்கள் டைரக்டரியைத் தாண்டக் கூடாதென்று சிஎச்ரூட் போட்டிருக்கிறது. ஒருநாள் ஒரு டிசைன் காணாமல் போய், பழி ஒரு சின்னப் பையன் மேல் விழுந்தது. லாக்கைத் திறந்தால் லாகின், லாகவுட் இருக்கிறது. யார் எதை அழித்தார் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

லாகின் பதிவது சிஎச்ரூட்டுக்கு வெளியே நின்று இணைப்புகளை வாங்கும் எஸ்எஸ்ஹெச்டி சர்வீஸ். உள்ளே போன பகுதியோ லாக் செய்திகளை வாங்கும் வாசலான '/டெவ்/லாக்' சாக்கெட்டைத் தேடுகிறது. அதற்கு இப்போது '/' என்பதே அந்த டைரக்டரிதான். அங்கே அப்படி ஒன்று கிடையாது. லாக் அனுப்பும் சிஸ்லாக் ஃபங்ஷன் எந்த மதிப்பையும் திருப்பித் தராது என்பதால் புரோகிராம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டால் மட்டும் கனெக்ட் வரியில் இஎன்ஓஇஎன்டி (அப்படி ஒரு ஃபைல் இல்லை) என்று பளிச்சென்று தெரியும். அதற்கு முன், எஸ்எஸ்ஹெச்டிக்குள்ளேயே இருக்கும் எஸ்எஃப்டிபி பகுதியான 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி'க்கு '-எல் இன்ஃபோ' கொடுத்திருக்கிறாயா பார். சும்மா விட்டால் அது எரர் மட்டும்தான் எழுதும்.

வெளியே இருக்கும் சாக்கெட்டை உள்ளே காட்ட சிம்லிங்க் (வேறு பாதையைச் சுட்டும் குறிப்பு) போட்டுப் பிரயோஜனமில்லை, அதையும் உள்ளிருந்தேதான் தேடும். ஹார்ட்லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) வேறு ஃபைல்சிஸ்டத்துக்குப் போகாது. அந்த சாக்கெட்டை பைண்ட் மவுன்ட் செய்தால் (உள்ளேயும் தெரியும்படி பொருத்தினால்), வெளியே சாக்கெட் புதிதாக உருவாகும்போது உள்ளே இருப்பது செத்துவிடும். லாக் சர்வீஸான ஆர்சிஸ்லாகின், சாக்கெட்டில் கேட்கும் ஐஎம்யூஎக்ஸ்சாக் மாட்யூலிடம் ஜெயிலுக்குள் (சிஎச்ரூட் டைரக்டரிக்குள்) இருக்கும் '/டெவ்/லாக்'கிலும் கேட்கச் சொல்வதே சரி. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் தானே உருவாக்கிக்கொள்ளும். டெவ் டைரக்டரியை மட்டும் ரூட் பெயரில், 755 (ரூட் மட்டுமே எழுதலாம்) என்று நீ முன்பே வைத்துவிடு.

சில புரோகிராம்கள் சிஎச்ரூட்டுக்கு முன்பே லாக் சாக்கெட்டைத் திறந்து வைத்துக்கொள்ளும். எல்லாம் நன்றாகத்தான் ஓடும். லாக் சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகி அந்த இணைப்பு அறுந்தால் மறுபடி இணைய வழியில்லை. 'நேற்று வரைக்கும் வந்ததே' என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அப்புறம், உள்ளூர் நேரம் எதுவென்று சொல்லும் '/எட்சி/லோக்கல்டைம்' ஃபைலின் நகல் ஒன்றையும் உள்ளே வை. இல்லையென்றால் புரோகிராம் போடும் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) ஆகி நம் கடிகாரத்துக்கு 5:30 மணி பின்தங்கும். ஆர்சிஸ்லாக் வழக்கமாகச் செய்தி தன்னிடம் வந்து சேர்ந்த நேரத்தையே எழுதுவதால் இது மறைந்துகிடக்கும், ஆனால் நம்பிவிடாதே.

உன் ஆபீஸ் மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸும் இதே ஜாதிதான். டெபியன் லினக்ஸில் '/வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/டெவ்/லாக்' இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எழுது.

உன் நண்பன்,
அம்மாபேட்டை, சேலம்