ஜேசிபி எறங்குறதுக்கு முந்தி கையால ஒரு குழி: கலெக்டருக்கு ஒரு திறந்த மடல்

கலெக்டர் அவர்களுக்கும், நம்ம குமரி மாவட்டத்துல ரோடு தோண்ட ஆர்டர் குடுக்குற எஞ்சினியர்மாருக்கும்,

வணக்கம். பாதாள சாக்கடை, கேபிள், குடிதண்ணி பைப்புன்னு தோண்டாம முடியாது, அத வேணாம்னு சொல்ல வரல. ஜேசிபி பக்கெட் எறங்குறதுக்கு முந்தி கீழ பைப்பு, கேபிள் எங்க கெடக்குன்னு பாக்க மம்பட்டிய வச்சு கையால சோதனைக் குழி போடணும், அதுக்கு எஸ்டிமேட்டுலயே தனி ஐட்டமா காசு ஒதுக்கணும். காசு போடாத வேலைய எந்த காண்ட்ராக்டரு செய்வாரு?

2023 மார்ச்சுல மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்'னு ஒரு ஆப் விட்டுச்சு, தோண்டப்போற இடத்த அதுல போட்டா அங்க லைன் வச்சிருக்கவங்களுக்கு தகவல் போவும். இப்படி கண்டபடி தோண்டுறதுல வருஷத்துக்கு 3000 கோடி ரூபா நஷ்டம்னு அரசே அப்ப சொன்னது. நல்ல ஏற்பாடுதான், ஆனா யாரும் ஏத்தி வைக்காத பைப் ஆப்புல எப்படி தெரியும்? பழைய பைப்பு பாதி வால்வு தொறக்குற ஆளோட மனசுலதான் இருக்கு, அவரு ரிட்டயர்டு ஆயிட்டா அதோட போச்சு. அவர கூட்டிட்டு வந்து பக்கத்துல நிப்பாட்டுங்க, ஒருநாள் கூலி குடுத்தாலும் லாபம்தான்.

ஆழத்த நம்பவே கூடாது. 11 கேவி (11,000 வோல்ட்) கரண்டு கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்துல கெடக்கணும்னு ஸ்டாண்டர்டு, ஆனா ரோட்ட சொரண்டி எறக்கியிருப்பாங்க, இல்லன்னா வெட்டுக்கல்லு தட்டுச்சுன்னு மேலாப்புலயே போட்டுட்டு போயிருப்பாங்க. நம்ம செம்மண்ணுல ஒரு வசதி உண்டு, நடுவுல வேற நெற மணலோ வரிசையா செங்கலோ கண்டா கீழ கேபிள் கெடக்குன்னு வச்சுக்கிடலாம், அதோட பக்கெட்ட தூக்கிரணும்.

தண்ணி பைப்பு விஷயம்தான் ரொம்ப மோசம். தண்ணி தெனமும் வர்றதில்லல்லா, பைப் காலியா கெடக்கும்போது ஒடைச்சா ஒரு சொட்டு வெளிய வராது, தெரிஞ்சோ தெரியாமலோ மண்ண தள்ளி மூடிட்டு போயிருவாங்க, தண்ணி விடுற அன்னைக்குதான் ரோட்டுல பொங்கும், அதுக்குள்ள பக்கத்து ஓடை அழுக்கு பைப்புக்குள்ள எறங்கி அத நாம புடிச்சு குடிச்சிருப்போம். எங்க தெருவுலயே நடந்தது, மூடினது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கல. அதனால குழிய மூடுறதுக்கு முந்தி தண்ணி தொறந்து விட்டு பாத்து, போட்டோவும் எடுத்த பெறகுதான் பில் பாஸ் பண்ணணும்.

ஜேசிபி ஓட்டுற தம்பிமாருக்கும் இத சொல்லிக் குடுங்க: கரண்டு கேபிள்ல பட்டுட்டா பதறி கீழ எறங்கப்படாது, சீட்டுலயே இருந்துகிட்டு பக்கத்துல நிக்கிறவங்கள தூரமா போகச் சொல்லி கரண்டு புகார் நம்பர் 1912க்கு போன் போட சொல்லணும். வண்டி தீப்பிடிச்சா மட்டும் ரெண்டு காலையும் சேத்து குதிக்கணும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்துல தொடவே கூடாது.

ஐப்பசி மழை தொடங்கிட்டா குழிக்குள்ள சேறு தவிர ஒண்ணும் தெரியாது, அதுக்கு முந்தி ஆர்டர்ல இந்த சோதனைக் குழிய சேத்துருங்க.

இப்படிக்கு,
நாகர்கோவில்ல வீட்டு வரி கட்டுற ஒருத்தன்