கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

"எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுற மாதிரி இருக்குப்பா" என்று போனில் சொன்ன கையோடு, "ஏதோ உளர்றேன், விடுங்க" என்றும் சொல்லிவிட்டாய். உளறலா அது? இதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்லிவிட முடியாது அம்மா.

பல்வலி என்றால் பல்லைத் தொட்டுக் காட்டலாம். இதற்குத் தொட்டுக் காட்ட இடமில்லை, உவமைதான் கதி. கனவுக்குள் நடமாடுவதாகச் சிலர் சொல்கிறார்கள், தன் வாழ்க்கையைத் திரையில் பார்ப்பதாகச் சிலர். ரோபோ மாதிரி கை கால் தானாக இயங்குகிறது என்பார்கள். கூரையிலிருந்து தன்னையே பார்க்கிறேன் என்பார்கள். எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். கவனித்துப் பார். கண்ணாடி, பனிமூட்டம் என்பவர்களுக்கு உலகம் விலகியிருக்கிறது. ரோபோ, கூரை என்பவர்களோ தங்களை விட்டே விலகியிருக்கிறார்கள். முதலாவதை மருத்துவர்கள் டீரியலைசேஷன் என்கிறார்கள், இரண்டாவதை டீபர்சனலைசேஷன். இரண்டும் சேர்ந்தும் வரும்.

அந்த இரண்டாவது பெயரே ஒரு நாட்குறிப்பிலிருந்து வந்ததுதான். ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த அமியேல், தன் உடலுக்கு வெளியே நிற்பது போல இருக்கிறது என்று 1880-இல் எழுதிவைத்தார். இது பைத்தியமா என்று தன்னையே கேட்டு, இல்லை என்றும் எழுதினார். அவர் கையாண்ட சொல்லை 1898-இல் டுகா என்ற பிரெஞ்சுக்காரர் மருத்துவத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆக, அனுபவித்தவர் சொன்னதைத்தான் படித்தவர்கள் பின்னால் பெயராக வைத்தார்கள்.

உனக்குள்ளும் அமியேல் கேட்ட கேள்வி ஓடுகிறது என்று நினைக்கிறேன். உன் முன்னால் நிஜமாகவே கண்ணாடி இருப்பதாக நீ நம்பவில்லை. இருக்கிற மாதிரி என்றுதான் சொன்னாய். நிஜம் எது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

தூக்கம் கெட்டாலோ, பதற்றம் முற்றினாலோ, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகோ இது கொஞ்ச நேரம் பலருக்கும் வந்துபோகும். உனக்கு வாரக்கணக்கில் நீடிப்பதால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடு. கஞ்சாவாலும் வரலாம், வலிப்பாலும் ஒற்றைத் தலைவலியாலும் வரலாம்; அதனால் எல்லாவற்றையும் கேட்பார். மறைக்காதே. (என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.) "மனசு சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு வராதே, அந்தக் கண்ணாடியைப் பற்றி அப்படியே சொல். அது எப்போது தடிக்கிறது, எப்போது மெலிகிறது, உன் குரலே உனக்கு அந்நியமாகக் கேட்கிறதா, இதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து எடுத்துப் போ.

துணைக்கு நான் வரவா, வேண்டாமா? அதை மட்டும் எனக்குச் சொல்.

அப்பா