கொடைக்கானலில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானலிலும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் ஹோம்ஸ்டே, காட்டேஜ், வில்லா என்று பல பெயர்களில் வீடு வாடகைக்கு விடும் அன்பர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சொந்தபந்தத்தில் யாருக்கு மலையேறும் ஆசை வந்தாலும் வீடு பார்த்துக் கொடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை எட்டுப் பத்துப் பேர், ஒரு டெம்போ டிராவலர், இரண்டு ராத்திரி. உங்களிடம் வருகிறவர்களில் கணிசமானோர் எங்களைப் போன்ற கூட்டமாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கூட்டத்தின் சார்பில் இந்தக் கடிதம்.

பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி புக்கிங் நிரம்புகிறது என்று உங்களில் சிலர் புலம்பக் கேட்டிருக்கிறேன். உடனே ஊஞ்சல் வாங்கி மாட்டுகிறீர்கள். சுவரில் நியான் விளக்கில் ஏதோ ஆங்கில வாசகம். அப்புறம் ட்ரோன் வைத்து ஒரு வீடியோ. செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊஞ்சலைப் பார்த்து யாரும் வீட்டை முடிவு செய்வதில்லை. ராத்திரி பத்து மணிக்குப் போனோடு உட்காரும்போது எங்களுக்குள் ஓடுகிற கவலையே வேறு. வெந்நீர் வருமா? வண்டி வாசல் வரை போகுமா? பாட்டி எத்தனை படி ஏற வேண்டும்? டிரைவர் எங்கே படுப்பார்? இதற்கெல்லாம் இணையத்தில் உங்கள் விளம்பரப் பக்கத்தில் பதில் இருந்தால் ஐந்நூறு ரூபாய் கூடுதலானாலும் அங்கேதான் பணம் கட்டுவோம். இல்லையென்றால் விரல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். போன் செய்து கேட்கலாமே என்பீர்கள். இருபது வீடு பார்க்கிறவன் இருபது பேருக்குப் போன் செய்ய மாட்டான்.

வெந்நீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குகிற ஊர் உங்களுடையது. '24 மணி நேரமும் வெந்நீர்' என்று எல்லோருமே எழுதுகிறீர்கள். பாத்ரூமில் போய் அண்ணாந்து பார்த்தால் 15 லிட்டர் கீசர் ஒன்று தொங்குகிறது. ஒரு கணக்குப் போடுவோம். கீசர் 60 டிகிரி வரை சுடவைக்கிறது, குழாயில் வரும் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் விளாவி, குளிக்கிற பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது 25 லிட்டருக்குச் சற்று மேல். அதாவது ஒரு பெரிய பக்கெட். 2 கிலோவாட் கீசர் அடுத்த 15 லிட்டரைச் சுடவைக்க 25 நிமிடம் எடுக்கும். எட்டுப் பேர் ஆளுக்கொரு பக்கெட் குளித்து முடிக்க மூன்று மணி நேரம் தாண்டிவிடும், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று போட்ட திட்டம் மதியச் சாப்பாட்டில் போய் நிற்கும். கடைசியாகக் குளிக்கப் போவது பெரும்பாலும் எல்லோரையும் கிளப்பிவிட்ட வீட்டுப் பெண்கள். அடுத்த வருஷம் எங்கே தங்குவது என்று முடிவெடுப்பதும் அவர்கள்தான்.

மொட்டைமாடியில் சோலார் வைத்திருப்பவர்கள் சும்மா 'சோலார் வெந்நீர்' என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். மூடுபனி மூன்று நாள் இறங்கி நின்றால் அது கைகொடுக்காது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 'இரண்டு பாத்ரூமிலும் 25 லிட்டர் கீசர். காலை ஐந்து மணிக்கே போட்டு வைப்போம். கரண்ட் போனால் விறகு பாய்லர் உண்டு' என்று எழுதிப் பாருங்கள். அந்த பாய்லரை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கரி படிந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஜக்கூஸி படத்தைப் பார்த்து மயங்க மாட்டார்கள். பாய்லரைப் பார்த்தால் பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

படம் என்றதும் ஏர்பிஎன்பி கதையைச் சொல்ல வேண்டும். வீடு வாடகைக்கு விடுகிறவர்களையும் தங்க வருகிறவர்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் நிறுவனம் அது, 2008-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அடுத்த வருஷம் வியாபாரம் படுத்துக்கிடந்தபோது, நியூயார்க் வீடுகளின் படங்கள்தான் கோளாறு என்று அதன் நிறுவனர்கள் கண்டுபிடித்தார்கள். போனில் இருட்டாக எடுத்த படங்களில் வீடு எப்படி இருக்கிறது என்றே புரியவில்லை. கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அவர்களே வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்தார்கள். 200 டாலராக இருந்த வார வருமானம் 400 டாலரானது என்று நிறுவனர்களில் ஒருவரான ஜோ கெபியா சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு விலையுயர்ந்த கேமராதான் மந்திரம் என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே படத்தில் வீடு தெரியவில்லை, பிறகு தெரிந்தது, அவ்வளவுதான். உங்கள் பக்கங்களில் கோளாறு தலைகீழ். வைட் ஆங்கிள் லென்ஸில் பத்துக்குப் பத்து அறை பெரிய ஹாலாகத் தெரிகிறது. ஜாதகத்தோடு வரும் மாப்பிள்ளை போட்டோ மாதிரி, பார்த்ததுமே பாதியைக் கழித்துக்கொள்கிறோம். உண்மையிலேயே பெரிய அறை வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கழிவு. கம்ப்யூட்டரில் உங்கள் ஏர்பிஎன்பி பக்கத்தைத் திறந்தால் மேலே முதல் ஐந்து படங்கள் வரிசையாக நிற்கும். அதில் மூன்றை வானத்துக்கும் மலைக்கும் கொடுத்துவிடுகிறீர்கள். எல்லா வீட்டு விளம்பரத்திலும் அதே மலைதானே? ஒன்று மலைக்கு இருக்கட்டும். மற்றதில் படுக்கையறை, பாத்ரூம், சமையலறை, வண்டி நிற்கும் இடம். பாத்ரூம் படத்தில் டாய்லெட் முழுசாகத் தெரியட்டும். வெஸ்டர்னா இந்தியனா என்பது முட்டி வலிக்காரர் வீட்டில் முதல் கேள்வி.

ஏப்ரலில் எடுத்த நீலவானப் படத்தைக் காட்டி அக்டோபரில் ஆள் பிடிப்பதையும் விடுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பல நாள் வெள்ளையாகத்தான் தெரியும். அந்த வெள்ளையையும் ஒரு படம் போடுங்கள், அதற்காகவே வருகிற ஆட்கள் உண்டு. கம்பளியில் ஏறும் ஈர வாடை மட்டும் எந்தப் படத்திலும் வராது. ஆனால் கதவைத் திறந்ததும் எங்களை முதலில் வரவேற்பது அதுதான். வெயில் அடிக்கிற அன்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது, நியான் விளக்குக்குக் கொடுப்பதைவிட நல்ல செலவு.

இனி பாதை. மேப்பில் புள்ளி வைத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். வட்டக்கானல் பக்கம் சில வீடுகளுக்கு வண்டியை மேலேயே நிறுத்திவிட்டுப் படியிலும் ஒற்றையடிப் பாதையிலும் இறங்க வேண்டும். அது ஒரு குறையே இல்லை, இளவட்டங்கள் தேடிவருவதே அதற்குத்தான். எழுதாமல் விடுவதுதான் வினை. மழையில், இருட்டில், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பாட்டியுமாக இறங்கின குடும்பம், உள்ளே தரை தங்கத்தில் போட்டிருந்தாலும் திட்டிக்கொண்டேதான் தூங்கும். 'ரோட்டிலிருந்து அறுபது படி. பெட்டி தூக்க ஆள் உண்டு' என்று ஒரு வரி எழுதினால் வரக்கூடாதவர்கள் வர மாட்டார்கள், வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள். முடிந்தால் மெயின் ரோட்டிலிருந்து உங்கள் கேட் வரை நடந்தபடியே போனில் ஒரு வீடியோ எடுத்துப் போடுங்கள். எடிட்டிங், பாட்டு எதுவும் வேண்டாம். டெம்போ டிராவலர் திரும்ப இடம் இருக்கிறதா என்பதை எங்கள் டிரைவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

டிரைவர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநேகமாக யாருமே அதை எழுதுவதில்லை. ஒரு ஜனவரியில் நாங்கள் தங்கிய வீட்டில், டிரைவருக்கு இடம் கேட்டோம். வண்டியிலேயே படுத்துக்கொள்ளட்டுமே என்றார் கேர்டேக்கர். டிரைவர் அண்ணன் ராத்திரி முழுக்க இரண்டு துண்டைப் போர்த்திக்கொண்டு சீட்டில் சுருண்டு கிடந்தார். விடிந்ததும் கண் சிவக்க வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். எங்கள் பத்துப் பேரையும் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் இறக்கிக்கொண்டு போக வேண்டியவர் அவர். மனிதாபிமானத்தை விடுங்கள், இது எங்கள் உயிர்ச் சமாச்சாரம். ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், இரண்டு கம்பளி, போக ஒரு பாத்ரூம். 'டிரைவருக்கு இடமும் சாப்பாடும் உண்டு' என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் லாபம்தான். மதுரை, திண்டுக்கல் பக்கம் 'நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்கண்ணே' என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு புக் செய்கிற குடும்பங்கள் ஏராளம். நிம்மதியாகத் தூங்கின இடத்தைத்தான் அவர் சொல்வார்.

வீடு எங்கே இருக்கிறது என்பதில் இத்தனை கூச்சம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பூம்பாறையில் இருக்கிற வீட்டுக்கு 'ஏரிக்கு அருகில்' என்று தலைப்பு. மலைப்பாதையில் சுமார் 18 கிலோமீட்டர் அருகிலா? ஏரிக்கரையில் சைக்கிள் மிதிக்க ஆசைப்பட்டு வந்தவர் உங்களை மன்னிக்க மாட்டார். பூம்பாறைக்கென்றே இருப்பதைச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்தால் படிப்படியாக இறங்கும் வயல்கள். போகர் செய்த நவபாஷாணச் சிலை என்று மக்கள் நம்பிக் கும்பிடும் குழந்தை வேலப்பர் கோயில். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. தோட்டத்தில் பூண்டு பிடுங்கும் காலம் எது என்று எழுதினால், அந்த மாதமாகப் பார்த்து வர நானே தயார்.

பெருமாள்மலை, பண்ணைக்காடு பக்கம் வீடு வைத்திருப்பவர்களும் ஊருக்கு வெளியே இருக்கிறோமே என்று மறைக்காதீர்கள். மே மாதச் சனிக்கிழமை வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து மூஞ்சிக்கல் வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, 'நெரிசலுக்கு முன்னாலேயே வீடு வந்துவிடும்' என்பதைவிடப் பெரிய கவர்ச்சி என்ன இருக்கிறது?

சமையலறை பற்றிச் சுருக்கமாக. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, வாஷரோடு, வைத்திருங்கள். வாஷரோடு என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். குடிநீருக்குப் பெரிய கேனும் எவர்சில்வர் ஜக்கும் போதும், சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு உங்கள் ஊரில் தடை என்பதை நீங்களே விருந்தினருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். காட்டுமாடு வாசலுக்கு வரும் இடமென்றால் அதையும் எழுதுங்கள். குழந்தைகள் குதிப்பார்கள், அம்மாக்கள் ராத்திரி கதவைத் தாழ் போடுவார்கள், இரண்டும் நல்லதுதான்.

வாடகை நாலாயிரம் என்று போட்டுவிட்டு, வந்தபிறகு ரூம் ஹீட்டருக்கு இவ்வளவு, கேம்ப்ஃபயர் விறகுக்கு இவ்வளவு, கூடுதல் மெத்தைக்கு இவ்வளவு என்று நீட்டாதீர்கள். ஏர்பிஎன்பியே 2025-இல் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தத் தொகையை முதலிலேயே காட்டும் முறைக்கு உலகம் முழுக்க மாறிவிட்டது. ஐயாயிரம் என்று போடுங்கள், எல்லாம் உட்பட என்று எழுதுங்கள், நாங்கள் பேரம்கூடப் பேச மாட்டோம். சரி, கொஞ்சம் பேசுவோம்.

ரிவ்யூக்களுக்கு நீங்கள் எழுதும் பதிலை, ரிவ்யூவைவிட கவனமாகப் படிக்கிறோம். 'வெந்நீர் வரவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கீழே சண்டைக்குப் போகும் ஓனரைப் பார்த்தால் பயம் வருகிறது. 'ஹீட்டிங் காயில் போய்விட்டது, மறுநாளே மாற்றிவிட்டோம்' என்று இரண்டு வரி எழுதியவர் வீட்டை நான் தைரியமாக எங்கள் அத்தைக்கே பரிந்துரைத்திருக்கிறேன்.

அப்புறம் இந்த இ-பாஸ், அதாவது கொடைக்கானலுக்கு வண்டியில் வர ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். எங்கே தங்குகிறோம் என்ற விவரத்தையும் கேட்கிறார்கள். புக்கிங் உறுதியானதுமே வீட்டின் சரியான பெயர், முகவரி, இ-பாஸ் எடுக்கும் வழி மூன்றையும் தமிழில் ஒரே செய்தியாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்புவீர்கள் என்பதை விளம்பரத்திலும் சொல்லுங்கள். செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சிக்னல் கிடைக்காத இடத்தில் உங்களுக்கே போன் போட்டுக்கொண்டிருக்கும் நிலைமை எங்களுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

இப்படிக்கு,
சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வீடு பார்த்துக் கொடுக்கும் ஒரு மதுரைக்காரன்